சைக்கிளில் இன்ஜின் கிட் மாட்ட நாலு ஸ்பேனர் போதுமா? பெட்டிக்குள் வராத 3 விஷயங்கள் என்ன?

ஒரு பழைய சைக்கிள், ஆன்லைனில் வாங்கிய ஒரு இன்ஜின் கிட், கையில் நாலு ஸ்பேனர். காலையில் வேலையை ஆரம்பித்தால் சாயங்காலம் வண்டி ஓடுகிறது. இப்படிப்பட்ட வீடியோக்கள் மொபைலில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பார்க்கிற பள்ளி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு 'நாமும் ஒன்று செய்து பார்த்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

செய்ய முடியுமா என்றால், முடியும். வெல்டிங் பட்டறையோ, லேத்தோ இல்லாமல் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம். கிட் அப்படித்தான் தயாரிக்கப்படுகிறது. ஆனால் வண்டிக்கு அவசியமான மூன்று விஷயங்கள் அந்தப் பெட்டிக்குள் வருவதில்லை. ஒன்று, அந்த வேகத்தை நிறுத்தக்கூடிய பிரேக். இரண்டு, இன்ஜினின் இழுவையைத் தாங்கும் பின்சக்கரம். மூன்று, சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. இன்ஜினைப் பொருத்துவது எப்படி, அதில் எங்கே தப்பு நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கிட்டில் என்னென்ன இருக்கும்?

உலகம் முழுக்க அதிகம் விற்பது சீனாவில் தயாராகும் சிறிய 2 ஸ்ட்ரோக் இன்ஜின் கிட். சைக்கிளின் பார், சீட் டியூப், முன்பக்கச் சாய்வுக் குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம் இருக்கிறதல்லவா, அதற்குள் உட்காரும்படி இது வடிவமைக்கப்பட்டிருக்கும். இன்ஜினுடன் கார்ப்பரேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க், பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டி, ஆக்சிலேட்டர் கைப்பிடி, கிளட்ச் லீவர், தனி செயின், பின்சக்கரத்தில் மாட்டும் 44 பல் ஸ்ப்ராக்கெட், செயின் டென்ஷனர், நட்டு போல்ட் எல்லாம் வரும்.

பேட்டரி கிடையாது. கிக்கரும் கிடையாது. பெடல் மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சைக்கிளின் வலப்பக்கம் பெடல் செயின் அப்படியே இருக்கும். இடப்பக்கம் இன்ஜின் செயின் புதிதாக வரும்.

80 சிசி என்று எழுதியிருப்பது உண்மையா?

பெரும்பாலும் இல்லை. '80 சிசி' என்று விற்கும் கிட்களில் சிலிண்டரின் விட்டம் வழக்கமாக 47 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ. இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். சென்டிமீட்டரில் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்கி, பிறகு பிஸ்டன் தூரத்தால் பெருக்க வேண்டும். 4.7 × 4.7 × 0.785 × 3.8 என்றால் சுமார் 66 சிசி. இதே குடும்பத்தில் 40 மி.மீ. விட்டம் உள்ள சின்ன இன்ஜின் சுமார் 48 சிசி.

இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். ஏனென்றால் சட்டத்தில் எல்லாமே இந்த சிசி எண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 2(28), மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று விளக்குகிறது. நான்குக்கும் குறைவான சக்கரங்களுடன், 25 சிசி-க்கு மிகாத இன்ஜின் பொருத்திய வண்டி மோட்டார் வாகனம் ஆகாது என்பது அதில் உள்ள விலக்கு. அதாவது கோடு 25 சிசி-யில் போடப்பட்டிருக்கிறது. 48 சிசி, 66 சிசி கிட் இரண்டுமே அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. அவற்றை மாட்டிய நிமிடத்தில் உங்கள் சைக்கிள் சட்டத்தின் பார்வையில் சைக்கிள் இல்லை, மோட்டார் வாகனம்.

மோட்டார் வாகனம் என்றால் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும். 'சரி, ஆர்டிஓ ஆபீஸில் பதிவு பண்ணிடலாமே' என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். இந்தியாவில் ஒரு வண்டி மாடலை விற்க, அதன் மாதிரியை புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் கொடுத்து பிரேக், புகை, சத்தம் என எல்லாவற்றிலும் சான்று வாங்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 126 இதைத்தான் சொல்கிறது. வீட்டு வாசலில் மாட்டிய இன்ஜினுக்கு அப்படி ஒரு சான்று இருக்காது. சான்று இல்லாமல் பதிவெண் கிடைக்காது.

பிடிபட்டால் அபராதம் எவ்வளவு?

2019 திருத்தத்துக்குப் பிறகு மத்திய சட்டத்தில் உள்ள தொகைகள் இவை. பதிவு இல்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் முறை 2,000 ரூபாய். ஹெல்மெட் போடவில்லை என்றால் 1,000 ரூபாய். இவை ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி.

ஓட்டியது சிறுவன் என்றால் விஷயம் இன்னும் பெரிது. பிரிவு 199ஏ-ன்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அந்தச் சிறுவனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. 50 சிசி-க்கு மிகாத வண்டிக்கு 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. ஆனால் அது லைசென்ஸுக்கு மட்டும்தான். பதிவு இல்லாத வண்டிக்கு அது உதவாது.

அபராதத்தை விடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. தெருவில் யாராவது ஒருவர் மீது வண்டி மோதிவிட்டால், அவருக்கான இழப்பீட்டைக் கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி எதுவும் வராது. மொத்தத் தொகையும் வண்டிக்காரர் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

அப்படியென்றால் யார் செய்யலாம்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, உண்மையிலேயே 25 சிசி-க்கு மிகாத இன்ஜினைப் பயன்படுத்துவது. புல்வெட்டி மெஷின்களில் 25 சிசி வகையும் உண்டு, 35, 52 சிசி வகைகளும் உண்டு. ஸ்டிக்கரை நம்பாமல் விட்டம், பிஸ்டன் தூரம் பார்த்துக் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். ரசீதும் இன்ஜின் விவரத் தாளும் கையில் இருப்பது நல்லது.

இரண்டாவது, கல்லூரி ப்ராஜெக்ட் போல, சுற்றுச்சுவருக்குள் மட்டுமே ஓட்டுவதற்காகச் செய்வது. தொழிற்சாலை அல்லது மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி அமைக்கப்பட்ட சிறப்பு வகை வாகனங்களுக்கும் அதே பிரிவு 2(28)-ல் விலக்கு இருக்கிறது. வளாகத்தின் கேட்டைத் தாண்டி டீக்கடை வரை போய் வந்தால் அந்த விலக்கு பொருந்தாது.

இது புதிய யோசனையா?

இல்லவே இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த ஜப்பானில் பெட்ரோலுக்கும் வண்டிக்கும் பஞ்சம். 1946-ல் ஹமமாட்சு நகரில் சொய்சிரோ ஹோண்டா, ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தினார். முதல் சைக்கிளுக்கு பெட்ரோல் டேங்க்காக இருந்தது ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர் பாத்திரம். 1952-ல் வந்த 'கப் எஃப்' மாடல், பின்சக்கரத்தின் ஓரத்தில் மாட்டும் 50 சிசி கிட். நாடு முழுக்க உள்ள சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதியே அதை விற்றார்கள். இத்தாலியில் டுகாட்டி மோட்டார் சைக்கிள்களின் தொடக்கமும் சைக்கிளில் மாட்டும் 'குச்சியோலோ' என்ற 48 சிசி இன்ஜினில்தான்.

கியூபாவில் 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்து உதவிகள் நின்ற பிறகு, தண்ணீர் பம்ப், ரம்பம், மருந்தடிக்கும் மெஷின் என்று கிடைத்த இன்ஜினை எல்லாம் சைக்கிளில் கட்டி ஓட்டினார்கள். அங்கே அதற்கு 'ரிகிம்பிலி' என்று பெயர்.

நம்ம ஊரில் இந்த இடத்தைப் பிடித்தது மொபெட். 1972-ல் புனேயிலிருந்து லூனா வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பெடல் இருந்ததால் பார்க்க சைக்கிள் மாதிரிதான் தெரியும். ஆனால் அதன் ஃபிரேம், சக்கரம், பிரேக் எல்லாமே இன்ஜினுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. கிட் மாட்டிய சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எந்த சைக்கிள் சரிவரும்?

முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம். ஸ்டீல் ஃபிரேம், துருப்பிடிக்காத, வெல்டிங்கில் விரிசல் இல்லாத, நேரான 'பார்' உள்ள ஆண்கள் சைக்கிள் வேண்டும். மெல்லிய அலுமினிய ஃபிரேம் வேண்டாம். மலை சைக்கிள்களில் முன்பக்கச் சாய்வுக் குழாய் பருமனாக இருந்தால் கிட்டில் வரும் கிளாம்ப் அதைச் சுற்றாது. அப்போது சிலர் குழாயில் டிரில் போட்டு போல்ட் மாட்டுகிறார்கள். ஃபிரேமில் ஓட்டை போடவே கூடாது. அதிர்வு தொடங்கியதும் விரிசல் அந்த ஓட்டையிலிருந்துதான் ஆரம்பிக்கும். பருமனான குழாய்க்கு ஏற்ற பெரிய கிளாம்ப் தனியாகக் கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் வேறு சைக்கிளைத் தேட வேண்டும்.

அடுத்தது ஸ்போக்ஸ் கம்பி எண்ணிக்கை. நம்ம ஊரில் பலரும் சறுக்குவது இங்கேதான். கிட்டின் பின் ஸ்ப்ராக்கெட்டை 9 போல்ட் போட்டு ஸ்போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து இறுக்க வேண்டும். இது 36 கம்பி சக்கரத்துக்கான கணக்கு. 36-ஐ 4-ஆல் வகுத்தால் 9. ஆனால் பழைய பெரிய சைக்கிள்களின் பின்சக்கரத்தில் வழக்கமாக 40 கம்பிகள் இருக்கும். 9 போல்ட்டும் கம்பிகளுக்கு இடையே சமமாக விழாது. இழுத்துப் பிடித்து மாட்டினால் சில கம்பிகள் வளைந்து, ஓடும்போது ஒவ்வொன்றாக உடையும். அதனால் வாங்கும் முன்பே கம்பிகளை எண்ணிவிட வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் நடுத்துளை ஹப்பின் மேல் நுழைகிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது பிரேக். கம்பி வைத்த பழைய ராட் பிரேக், நிக்கல் பூசிய ஸ்டீல் ரிம்மில் மழை பெய்தால் ஏறக்குறைய பிடிக்கவே பிடிக்காது. சைக்கிள் மிதிக்கும் 12, 15 கி.மீ. வேகத்துக்கு அது போதும். 40 கி.மீ. வேகத்துக்குப் போதாது. அலுமினிய ரிம்மும் வி பிரேக்கும், அல்லது முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் உள்ள சைக்கிளைத் தேர்வு செய்யுங்கள்.

என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

குறைந்தபட்சம் இவ்வளவு போதும். 8 முதல் 17 மி.மீ. வரையிலான ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ செட், கட்டிங் பிளேயர், பிளக் ஸ்பேனர், அரம், சுத்தியல், இன்ச் டேப், கொஞ்சம் நூல். செயினை வெட்ட செயின் கட்டர் வேண்டும். இல்லையென்றால் சைக்கிள் கடையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

கிட்டோடு வரும் நட்டு போல்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றில் பல மென்மையான இரும்பு. இறுக்கும்போதே மரை போய்விடும். இன்ஜினைப் பிடிக்கும் போல்ட்களை 8.8 என்று தலையில் குறி உள்ள வகையாக ஹார்டுவேர் கடையில் வாங்கி மாற்றலாம். நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டாக இருக்க வேண்டும். அதிர்வில் சாதாரண நட்டு தானாகக் கழன்றுவிடும்.

வேலை வரிசை: முதலில் இன்ஜின் இல்லை

பெட்டியைத் திறந்ததும் இன்ஜினை எடுத்து மாட்டத் தோன்றும். ஆனால் வரிசை வேறு.

1. சைக்கிளைச் சரிசெய்வது. இரண்டு சக்கரத்திலும் கோட்டம் எடுத்து, தளர்ந்த கம்பிகளை இறுக்கி, ஹப் பேரிங்கில் கிரீஸ் போட வேண்டும். புது பிரேக் கட்டை, புது கேபிள் போடுங்கள். இதை சைக்கிள் கடைக்காரரிடம் கொடுப்பதே மேல். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

2. பின் ஸ்ப்ராக்கெட். கம்பிகளின் இரு பக்கமும் ரப்பர் வளையம், அதன்மேல் இரும்புத் தகடு, வெளியே ஸ்ப்ராக்கெட் என்ற வரிசையில் வரும். 9 நட்டையும் ஒரே சுற்றில் முழுசாக இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்து எதிர்ப்பக்க நட்டு என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். நடுவில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஃபிரேமில் ஒரு கம்பித் துண்டைக் கட்டி, அதன் முனை ஸ்ப்ராக்கெட் பல்லைத் தொடாமல் நெருங்கி நிற்கும்படி வைத்து சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ஸ்ப்ராக்கெட் ஒருபக்கம் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். 1 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.

3. இன்ஜின். முன்னும் பின்னும் கிளாம்ப் போட்டு இறுக்குவதற்கு முன், பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பெடல் தண்டு இன்ஜினிலோ சைலன்சரிலோ இடிக்கக் கூடாது. அதிர்வைக் குறைக்க ரப்பர் வைத்துக் கட்டுவது சரியில்லை. ரப்பர் அமுங்கி இன்ஜின் ஆட்டம் போடும், போல்ட் உடையும். இரும்போடு இரும்பு இறுக்கமாக உட்கார்வதே நல்லது.

4. செயின். முன் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் 12 முதல் 15 மி.மீ. வரை ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் கழன்று விழும். ஆடவே இல்லையென்றால் பேரிங் போகும். பின் அச்சு நட்டை நன்றாக இறுக்குங்கள். இன்ஜின் செயின் இடப்பக்கமாக இழுப்பதால், நட்டு தளர்ந்தால் சக்கரம் கோணிக்கொண்டு ஃபிரேமில் உரசும்.

5. டென்ஷனர். கிட்டில் மிகவும் கவனிக்க வேண்டிய துண்டு இதுதான். பின்பக்கக் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டும் சின்ன உருளை. இது தளர்ந்து திரும்பினால் நேராக ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய் மாட்டும். ஓட்டத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். செயின் நீளத்தைச் சரியாக வெட்டி, பின் அச்சை நகர்த்தியே இறுக்கம் கொண்டுவர முடிந்தால் டென்ஷனரே வேண்டாம். வேண்டியிருந்தால், அது கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் பார்க்க வேண்டும்.

6. வயரிங். இன்ஜினிலிருந்து வரும் நீல வயர் சிடிஐ-யின் நீலத்தோடு, கறுப்பு கறுப்போடு. வெள்ளை வயர் இருந்தால் முனையில் டேப் சுற்றி விட்டுவிடலாம். இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டால் அந்த பட்டன்தான் காப்பாற்றும். சாலிடரிங் இல்லையென்றால் வயர்களை முறுக்கி, டேப் சுற்றி, ஃபிரேமோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஆடும் வயர் சீக்கிரம் அறுந்துவிடும்.

7. பிரேக் லீவர். இடக்கைப்பக்கம் கிளட்ச் லீவர் வந்துவிடும். அப்போது ஒரு பிரேக்குக்கு லீவர் இல்லாமல் போகும். 'ஒரு பிரேக் போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு. ஒரே லீவரில் இரண்டு கேபிள் இழுக்கும் வகை கிடைக்கிறது. அதை வலக்கைப்பக்கம் மாட்டி முன், பின் இரண்டு பிரேக்கையும் இணைக்க வேண்டும்.

8. டேங்க். 'பார்' மேல் உட்காரும். டியூபின் இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். சைலன்சரைத் தொடாமல் டியூப் போக வேண்டும். முதலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அரை மணி நேரம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அன்றைக்கு ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும்?

இது 2 ஸ்ட்ரோக். பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு தருகிறது. ஆயில் இல்லாமல் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். புது இன்ஜினுக்கு 16-க்கு 1 என்ற விகிதமும், பழகிய பிறகு 20-க்கு 1 என்ற விகிதமும் இந்த கிட் கையேடுகளில் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு முதலில் சுமார் 62 மி.லி., பிறகு 50 மி.லி. 2டி ஆயில். மருந்து பாட்டில் மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவு போட்ட கப்பில் ஊற்றுங்கள். டேங்க்குக்குள் நேராக ஊற்றாமல் தனி கேனில் கலந்து குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

ஸ்டார்ட் செய்வது எப்படி?

பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி பெடல் மிதிக்க வேண்டும். கொஞ்சம் வேகம் வந்ததும் கிளட்சை மெதுவாக விட்டால் சக்கரமே இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் ஆகும். முதல் முறை ஆளில்லாத, சமதளமான, மூடிய இடத்தில் மட்டும். ஹெல்மெட், ஷூ, முழு பேன்ட் கட்டாயம். பேன்ட்டின் இடது காலைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். இன்ஜின் செயின் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

எவ்வளவு வேகம் போகும்?

இன்ஜினுக்குள் சுமார் 4.1 மடங்கு குறைப்பு. வெளியே 10 பல்லிலிருந்து 44 பல்லுக்கு 4.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால், இன்ஜின் 18 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 26 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு சுமார் 27 கி.மீ. 6,000 சுற்று என்றால் சுமார் 41 கி.மீ.

41 கி.மீ. என்பது பைக் ஓட்டுபவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் கரைக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. 20 கி.மீ.-இல் போகும் சைக்கிளை நிறுத்தும் பிரேக், 40 கி.மீ.-இல் அதே சைக்கிளை நிறுத்த நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும். குறுக்கே நாய் வந்தால் பிரேக்கைப் பிடிக்க யோசிக்கும் அந்த ஒரு விநாடியிலேயே வண்டி 11 மீட்டர் போயிருக்கும். கிட்டின் எடை சுமார் 10 கிலோ வேறு சேர்ந்திருக்கிறது.

முதல் 5 கி.மீ.-க்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்?

நிறுத்தி, இன்ஜினை முழுசாக ஆறவிட்டு, எல்லா நட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். சிலிண்டர் தலை நட்டு நான்கையும் குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் நீளமான ஸ்பேனரைத் தவிர்த்து குட்டை ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். நீளம் கூடினால் கை பலம் கூடி மரை போய்விடும். சைலன்சர் நட்டு, கார்ப்பரேட்டர் பக்க நட்டு, இன்ஜின் கிளாம்ப், 9 ஸ்ப்ராக்கெட் போல்ட், பின் அச்சு ஆகிய ஐந்து இடங்களும் முதலில் தளரும் இடங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது.

பெட்ரோல் இல்லாமல் வேறு வழி உண்டா?

தினமும் சாலையில் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் எலெக்ட்ரிக் வழியைப் பார்க்கலாம். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கி.மீ.-க்குக் குறைவான வேகம் ஆகிய நிபந்தனைகளைப் பூர்த்தி செய்து, சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற மின்சார சைக்கிள்கள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் தேவையில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 2(யு) இதைச் சொல்கிறது. பெடல் மிதிக்க உதவும் வகையில், மிதிப்பதை நிறுத்தினாலோ 25 கி.மீ.-ஐத் தொட்டாலோ மோட்டார் நின்றுவிட வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்க வேண்டும். தனியாக வாங்கி மாட்டும் 500 வாட், 1000 வாட் மோட்டார் கிட்களுக்கு இந்த விலக்கு கிடையாது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

உண்மையான சிசி எவ்வளவு? எங்கே ஓட்டப் போகிறேன்? பின்சக்கரத்தில் எத்தனை கம்பி? இரண்டு பிரேக்கும் 40 கி.மீ. வேகத்தைத் தாங்குமா? கில் ஸ்விட்ச் எங்கே இருக்கும்?

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் பெட்டியைத் திறக்கலாம். பிள்ளைகள் வீட்டில் இதைச் செய்ய ஆசைப்பட்டால், 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், பெற்றோரும் உட்கார்ந்து இந்தக் கேள்விகளை அவர்களோடு சேர்ந்து பார்க்கலாம். ஒரு இன்ஜினைக் கழற்றி மாட்டுவதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதை வளாகத்துக்குள் கற்றுக்கொள்ளட்டும். சாலைக்கு வரும்போது பதிவெண் உள்ள வண்டியில் வரட்டும்.